வாசலில் கிடக்கும் சிபியூ யாருடையது?

மார்கழிக் கடைசியில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் அட்டாலிகள் காலியாகத் தொடங்கும். பொங்கல் காப்புக் கட்டுக்கு முன்னால் வீட்டைக் கழுவித் துடைக்க வேண்டுமே. வருஷக்கணக்கில் மேலே கிடந்த சிபியூ, அரசு முத்திரை போட்ட 14 அங்குல டிவி, சுற்றாத மிக்ஸி, பேட்டரி உப்பிப்போன யுபிஎஸ் எல்லாம் வாசலுக்கு இறங்கும். பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. அந்தச் சிபியூவில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கிறது, ரேம் இருக்கிறது, ஒரு நல்ல ஹீட் சிங்க்காவது இருக்கும். எடுத்துக்கொண்டு போனால் திருட்டாகுமா?

"வீசினது வீசினதுதான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று நம் ஊரில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ஒரு பொருள் குப்பையா இல்லையா என்று சட்டம் கேட்பதில்லை. அது இப்போது யார் கைவசத்தில் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. ஒரே சிபியூ வீட்டுக்குள், வாசலில், தொட்டியில், வண்டியில், பழைய இரும்புக் கடையில் என்று இடம் மாற மாற, யாரிடம் கேட்டு எடுக்க வேண்டும் என்பதும் மாறிக்கொண்டே போகும்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பழைய 378, 379 பிரிவுகள் இப்போது 303-ஆம் பிரிவு. இன்னொருவர் கைவசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தினால் திருட்டு. தண்டனை மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் தடவையாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை என்று புதுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. பழைய சிபியூ அநேகமாக அந்த வரம்புக்குள்தான் வரும். ஆனாலும் அது குற்றத் தீர்ப்பு தரும் தண்டனைதான், விடுதலை அல்ல.

அந்தப் பிரிவிலேயே நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, சட்டமே தரும் உதாரணம்: நெடுஞ்சாலையில் யார் கைவசமும் இல்லாமல் கிடக்கும் மோதிரத்தை ஒருவன் எடுத்தால் அது திருட்டு இல்லை, ஆனால் சொத்தை முறைகேடாகக் கையாண்ட குற்றமாகலாம். அந்தக் குற்றம் 314-ஆம் பிரிவு; குறைந்தது ஆறு மாதம், அதிகம் இரண்டு வருடம் சிறை, அதோடு அபராதமும். உரிமையாளர் யார் என்று தெரிந்திருந்தும், அல்லது விசாரித்தால் தெரிந்துவிடும் என்ற நிலையிலும், தனதாக்கிக்கொண்டால்தான் அது ஒட்டும். உண்மையிலேயே உடையவன் கைகழுவிவிட்டுப் போன பொருளுக்கு உரிமையாளரே இல்லை. அங்கே இரண்டு பிரிவுக்கும் வேலை இல்லை.

இரண்டாவது, சம்மதம் வாய்விட்டுச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, குறிப்பால் உணர்த்தியதாகவும் இருக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அது பொருளை வைத்திருப்பவரிடமிருந்தோ அவரிடம் அதிகாரம் பெற்றவரிடமிருந்தோ வர வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வரலாம்.

காம்பவுண்ட் சுவருக்கு உள்ளே இருப்பதை, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் துருப்பிடித்துக் கிடந்தாலும் சரி, தொடக்கூடாது. மழையில் நனைகிறது, மேலே கொடி படர்ந்துவிட்டது என்பதெல்லாம் கைவிட்டதற்கு அடையாளம் ஆகாது. தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய ஸ்டார்ட்டர், மோட்டார் காயில், கேபிள் துண்டு இவற்றுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். கிணற்று மோட்டார் ஒயர் திருட்டால் நொந்துபோன ஊர்கள் இவை. கையில் கருகிய செம்புக் கம்பியோடு நிற்பவனிடம் முதலில் கேள்வி கேட்பது போலீஸாக இருக்காது, ஊர்க்காரர்களாகத்தான் இருக்கும்.

கேட்டுக்கு வெளியே, தெருவோரமாகச் சாய்த்து வைத்திருந்தால்? அங்கேதான் குறிப்புச் சம்மதம் என்ற பேச்சு வரும். ஆனால் ஒரு சிக்கல். நம் வீடுகளில் வெளியே வைப்பதற்குப் பல காரணங்கள். மெக்கானிக் வந்து எடுத்துப்போக வைத்திருக்கலாம். வீடு மாற்றும் டெம்போவுக்காக இறக்கியிருக்கலாம். பழைய இரும்புக்காரருக்கு விலை பேசி முடித்து, அவர் சாயங்காலம் வருவதற்காக வைத்திருக்கலாம். அப்படியானால் அது விற்ற பொருள். இதையெல்லாம் தள்ளுவண்டியை நிறுத்தி ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. காலிங் பெல்லை அடித்து, "ஏனுங்கக்கா, வாசல்ல இருக்கற கம்ப்யூட்டர் வேண்டாமுங்களா? நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டால் அரை நிமிஷத்தில் முடிந்தது. பெரும்பாலும் "எடுத்துட்டுப் போங்க தம்பி, அந்த பிரிண்டரையும் சேத்து எடுத்துக்கோங்க" என்றுதான் பதில் வரும்.

மாநகராட்சித் தொட்டியில் விழுந்துவிட்டால் கதை வேறு. பொதுத்தொட்டியில் சேர்ந்ததும் துப்புரவு வண்டியில் ஏறியதும் உள்ளாட்சி அமைப்பின் சொத்து என்பது நம் நாட்டு மாநகராட்சிச் சட்டங்களில் வழக்கமாக வரும் விதி. அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பின் சொத்தைத் திருடினால் 303 போய் 305 வந்துவிடும்; அதில் ஏழு வருடம் வரை சிறை. தொட்டியில் கிடந்த கீபோர்டுக்கு இந்தப் பிரிவைப் போட மாட்டார்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கோயம்புத்தூர் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு மாதிரி வேலி போட்ட இடத்துக்குள் ராத்திரி நுழைந்து எடுத்தால் அத்துமீறல் பிரிவான 329-உம் சேர்ந்துகொள்ளும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குபவர் என்ற தொழிலாளரை வரையறுத்தன: தெரு, தொட்டி, தரம்பிரிக்கும் கூடம் இங்கெல்லாம் மறுபயன்பாட்டுப் பொருளைப் பிரித்தெடுத்து விற்றுப் பிழைப்பவர். அவர்களை அங்கீகரித்து அமைப்பில் சேர்க்க வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குக் கடமையும் வைத்தன. ஆக, தொட்டியிலிருந்து எடுப்பதே குற்றம் என்று அரசே நினைக்கவில்லை. அந்த இடம் பிழைப்புக்காக எடுப்பவருக்கானது. பொழுதுபோக்குக்காக போர்டு சேர்க்கிற நாம் அதில் போட்டிக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதேபோல, தூய்மைப் பணியாளரிடம் "அண்ணா, வண்டியில இருக்கற அந்த மானிட்டரைக் குடுங்க, நூறு ரூபா தரேன்" என்று கேட்காதீர்கள். கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. உங்களுக்கு நூறு ரூபாய்ச் சமாச்சாரம், அவருக்கு ஒப்பந்த வேலை.

மில், பனியன் கம்பெனி, ஐடி ஆபீஸ் பின்வாசல்களில் செக்யூரிட்டியைப் பார்த்து எடுப்பவர்கள் உண்டு. செக்யூரிட்டி "எடுத்துக்கோ" என்றால் அது சம்மதம் ஆகாது. அவர் காவலுக்கு இருப்பவர், கொடுப்பதற்கு அல்ல. நிறுவனக் கழிவு நிர்வாகத்தின் கையெழுத்துடன், கேட் பாஸும் பில்லும் போட்டு வெளியே வர வேண்டும். பெரிய நிறுவனங்களுக்குக் கூடுதல் கட்டும் இருக்கிறது. 2022 மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தன. ஒரு நிதியாண்டில் எப்போதாவது பட்டியலிட்ட கருவிகளில் குறைந்தது ஆயிரம் பயன்படுத்தியிருந்தால் அது மொத்த நுகர்வோர். அப்படிப்பட்ட நிறுவனம் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் இவர்களிடம் மட்டும்தான் கழிவைக் கொடுக்கலாம். நண்பர் எச்ஆரில் இருக்கிறார் என்பதற்காகப் பத்து லேப்டாப்பை டிக்கியில் ஏற்றிவிட முடியாது.

இணையத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் "வெளியே வைத்த குப்பையை யாரும் எடுக்கலாம், உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று வரும். அது அமெரிக்க உச்சநீதிமன்றம், 1988, கலிபோர்னியா எதிர் கிரீன்வுட் வழக்கு. வாசலில் வைத்த குப்பைப் பையைப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி. குப்பை யாருக்குச் சொந்தம் என்று அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை. செய்திருந்தாலும் பொள்ளாச்சியில் செல்லாது. நம் சட்டத்துக்கு நெருங்கிய உறவான இங்கிலாந்தில் 1957-இல் வில்லியம்ஸ் எதிர் பிலிப்ஸ் வழக்கில், குப்பை அள்ளிய ஊழியர்களே அதிலிருந்து பொருள் எடுத்ததற்குத் தண்டிக்கப்பட்டார்கள்.

இன்னொரு வகைப் பொருள் இருக்கிறது, நிறையப் பேர் யோசிக்காதது. வீசினவருக்கே அது சொந்தம் இல்லை. செட்டாப் பாக்ஸ், பைபர் இணைப்போடு வந்த மோடம், மின்வாரிய மீட்டர், வாடகை லேப்டாப், பள்ளி இருப்பில் இருந்த கம்ப்யூட்டர். வீட்டுக்காரர் மனதாரக் கொடுத்தாலும் இல்லாத உரிமையைக் கொடுக்க முடியாது. அடியில் சொத்து எண் ஸ்டிக்கர், பார்கோடு, "நாட் ஃபார் சேல்" முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். 2006-க்குப் பிறகு வந்த இலவச கலர் டிவியும், 2011-க்குப் பிறகு வந்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், மடிக்கணினியும் பயனாளியிடம் கொடுத்துவிட்டவை. அவை பழுதாகிப் பயனாளியே வெளியே போட்டால் அது ஒரு கதை. பெட்டி பிரிக்காமல் அடுக்கடுக்காகக் கிடந்தால் அது யாரோ கிடங்கிலிருந்து தள்ளியது, பக்கத்தில் போகாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்தால் 317-ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. சந்தேகப்பட்ட பொருளைப் போலீஸ் கைப்பற்றுவதற்கு, குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 106-ஆம் பிரிவு போதும்.

எழுத்தில் வாங்க வேண்டுமா? அசையும் பொருளை இனாமாகக் கொடுக்க, கையில் ஒப்படைத்தாலே போதும் என்று 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு சொல்கிறது. ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். ஆனால் லேப்டாப், போன், விலை உயர்ந்த யுபிஎஸ் மாதிரி வரிசை எண் உள்ளவற்றுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது வாங்கி வையுங்கள். "இன்ன கம்பெனி, இன்ன மாடல், வரிசை எண் இது, பழுதான நிலையில், பணம் வாங்காமல், முழு உரிமையோடு இவருக்குக் கொடுத்துவிட்டேன்", தேதி, பெயர். வரிசை எண் தெரியும்படி ஒரு போட்டோ. இதற்கு மேல் எந்த வக்கீலும் கேட்க மாட்டார்.

போன் கிடைத்தால் மற்ற எதையும் விட நிதானம் வேண்டும். திருடியவன் சிம்மைக் கழற்றிவிட்டுப் போனைக் குப்பையில் எறிவது சாதாரணம். ஆன் ஆனால் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அடித்து ஒவ்வொரு போனுக்கும் உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐயைப் பாருங்கள். ஆன் ஆகாவிட்டால் சிம் தட்டிலோ பின்மூடிக்குள்ளோ அச்சிட்டிருக்கும். ஆங்கிலத்தில் கேஒய்எம், இடைவெளி, அந்த எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் நிலவரம் வரும். முடக்கப்பட்டது என்றோ, ஒரே எண் இரண்டு கருவியில் இருக்கிறது என்றோ வந்தால் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சிம்மைப் போட்டுச் சோதிப்பது மட்டும் வேண்டாம், டவர் பதிவில் உங்கள் பெயர்தான் ஏறும். ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதைத் திறந்து பார்க்காதீர்கள். பெட்டி உங்களுக்கு வந்துவிட்டது என்பதால் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோவும் வங்கிக் கணக்கும் வந்துவிடாது. அனுமதி இல்லாமல் தரவை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளுக்குள் இழுக்கும். மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் தடவை மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே டிஸ்க்கைக் கழற்றி, வீட்டுக்காரர் கேட்டால் அவரிடமே கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றால் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, என்வைப் என்ற அழிப்பு மென்பொருளை ஓட்டி ஒரு தடவை முழுக்க சுழியம் எழுதினால் போதும். 500 ஜிபி சாதாரண டிஸ்க்குக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் பிடிக்கும். எஸ்எஸ்டிக்கு இந்த முறை சரிவராது. மேலே எழுதினாலும் கன்ட்ரோலர் ஒதுக்கி வைத்த செல்களுக்கு எட்டாது. பயாஸில் உள்ள செக்யூர் எரேஸையே பயன்படுத்துங்கள்.

எடுத்தது ஒரு சட்டம், விற்பது இன்னொரு சட்டம். வீட்டில் பழுது பார்த்து நீங்களே வைத்துக்கொண்டால் மின்னணுக் கழிவு விதிகள் உங்களைத் தேடி வராது. பழையதைச் சரிசெய்து சந்தையில் தொடர்ந்து விற்றால் விதிகளின் கண்ணில் நீங்கள் புதுப்பிப்பவர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு வேண்டும். குறு நிறுவனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்று விதியிலேயே விலக்கு இருப்பதால் கோயம்புத்தூர் காந்திபுரத்துச் சின்னக் கடைக்காரர்கள் தப்பிக்கிறார்கள். விலக்கு அந்த விதிகளுக்கு மட்டும்தான். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதற்கும், போர்டை ஆசிடில் ஊறவைத்துத் தங்கம் தேடுவதற்கும் எந்த விலக்கும் கிடையாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் சிறைக்குப் பதில் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிவிசி ஒயர் எரிந்தால் டையாக்சின் வரும். அந்தப் புகையை முதலில் இழுப்பது எரிப்பவன்தான்.

சட்டப்படி கையில் வந்த பொருள் ஆளைக் கொல்லாது என்று அர்த்தம் இல்லை. சிபியூவின் எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய வகையில் 200 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு தொடராக நிற்கும். இரண்டும் சேர்ந்து 325 வோல்ட் டிசி. பிஎஃப்சி (மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று) உள்ள புதிய வகையில் ஒற்றைக் கெப்பாசிட்டரில் 380 வோல்ட் வரை. பிளக்கை உருவிய பிறகும் இது நிற்கலாம். 2.2 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரின் இரு கால்களிலும் இன்சுலேஷன் போட்ட ஒயர் பற்றவைத்து, கெப்பாசிட்டரின் கால்களில் பத்து வினாடி பிடித்து, பிறகு மல்டிமீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்தால் உலோகத் துளி கண்ணில் தெறிக்கும், போர்டின் டிராக்கும் பிய்ந்து போகும்.

திருப்பூர்ப் பக்கம் தையல் மெஷினிலிருந்து கழற்றிய சர்வோ கன்ட்ரோல் பெட்டிகள் மலிவாக வரும். அதிலும் இதே 325 வோல்ட். மில்லிலிருந்து வரும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இன்னும் மோசம்: 415 வோல்ட் மூன்று ஃபேஸை டிசியாக மாற்றினால் உள்ளே டிசி பஸ்ஸில் சுமார் 587 வோல்ட். மூடியில் எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அவ்வளவு நேரம் காத்திருந்து, டிசி பிளஸ், மைனஸ் முனைகளை அளந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மின்னழுத்தம் இறங்காமல் நின்றால் 100 வாட் குண்டு பல்பு மூன்றைத் தொடராக இணைத்து வடியுங்கள். இரண்டு போதாது, ஒவ்வொன்றிலும் 290 வோல்ட்டுக்கு மேல் ஏறி இழை போய்விடும். நீங்கள் வடிந்துவிட்டது என்று நினைத்துத் தொடுவீர்கள்.

மைக்ரோவேவ் அடுப்பை விட்டுவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் 2,000 வோல்ட், கெப்பாசிட்டருக்குள் இருக்கும் பிளீடர் ரெசிஸ்டர் எப்போது அறுந்தது என்று வெளியே தெரியாது. கிடைக்கப்போகும் ஒரு காந்தத்துக்காக அந்த ஆபத்து தேவையில்லை. பழைய பிக்சர் டியூப் டிவியிலும் எடுக்க ஒன்றுமில்லை. கண்ணாடியில் ஈயம், ஆனோடில் இருபதாயிரம் வோல்ட் அளவு. ஓடைகளில் டியூப் உடைந்து கிடப்பதற்குக் காரணம் கழுத்தில் இருக்கும் யோக் காயிலின் செம்புதான். அதை உருவிக்கொண்டு மீதியை எறிகிறார்கள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரில் ஆர்600ஏ என்று லேபிள் இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், எரியும் வாயு. குழாயை அறுக்கக் கூடாது.

லேப்டாப் பேட்டரி செல்களில்தான் பலர் ஆசைப்பட்டு மாட்டுவது. 18650 என்ற உருளைச் செல்லை அளந்து 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே செம்பு கரைந்திருக்கும், ஏற்றும்போது ஷார்ட் ஆகும். மேலே இருந்தால் 4.2 வோல்ட் வரை ஏற்றி இரண்டு வாரம் தனியாக வையுங்கள். 4.1-க்குக் கீழே இறங்கினால் தள்ளிவிடுங்கள். உப்பிய தட்டைப் பேட்டரியைக் குத்தாமல் மணல் வாளியில் போட்டு வெளியில் வையுங்கள். யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ஓய்வில் 10.5 வோல்ட் காட்டினால் ஒரு செல் செத்தது. உயிர் கொடுக்க முயலாமல் பேட்டரிக் கடையில் பழைய விலைக்குக் கழித்துக்கொள்ளுங்கள். பேட்டரிகளுக்கு 2022-இல் தனி விதியே வந்துவிட்டது. வீட்டுக் குப்பையோடு கலந்து போடக் கூடாது என்பது நுகர்வோருக்கும் சேர்த்துத்தான்.

வேண்டியதை எடுத்த பின் மிச்சமாகும் வெற்றுப் போர்டு, உடைந்த கேபினட், ஒயர்க் குவியல் இப்போது உங்கள் குப்பை. அதை ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு வந்தால், திடக்கழிவு விதிகளின்படி தெருவில் கொட்டியவர் நீங்கள். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஐந்து கிலோவுக்கு யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். நாலு பேர் சேர்த்துச் சாக்கில் கட்டி வைத்து, கொடுக்கும்போது எடைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.